பிரேக் மிதிச்சா அணையுற லைட்: ஒரு 1971 பிக்கப் டிரக்கோட வயரிங்

இன்னைக்கு நேரா ஒரு புதிர்ல ஆரம்பிக்கலாம்.

ஒரு பழைய பிக்கப் டிரக். ராத்திரி நேரம், ஹெட்லைட் போட்டிருக்கு. பின்னாடி ரெண்டு பக்கமும் சிவப்பு டெயில் லைட் எரியுது. இப்போ பிரேக் மிதிக்கறீங்க. வலது பக்கம் பளிச்சுனு எரியுது, எதிர்பார்த்த மாதிரியே. இடது பக்கம் சுத்தமா அணைஞ்சு போயிடுது. காலை எடுத்தா திரும்ப எரியுது.

பகல்ல, லைட் எதுவும் போடாம அதே பிரேக்கை மிதிச்சா வேற கதை. வலது பக்கம் ஒழுங்கா எரியும். இடது பக்கம் மங்கலா ஒரு சிவப்பு. கூடவே, சம்பந்தமே இல்லாம, வண்டிக்கு முன்னாடி இருக்கற பார்க்கிங் லைட் ரெண்டும் லேசா மினுங்கும்.

பல்பு புதுசு. ஃப்யூஸ் நல்லா இருக்கு. பிரேக் சுவிட்சும் மாத்தியாச்சு. எங்க தேடுவீங்க?

பாஸ் பண்ணிட்டு ஒரு நிமிஷம் யோசிக்கறவங்க யோசிக்கலாம். நான் அதுக்குள்ள வண்டியைப் பத்திச் சொல்லிடறேன்.

இது 1971 மாடல் செவ்ரலே சி10. டெக்சஸ்ல என்கூட ஒரே டீம்ல வேலை பார்க்கற ஒரு அமெரிக்கரோடது; அவரோட தாத்தா வாங்கின வண்டி. போன வருஷம் ஒரு கடையில கொடுத்து துருவெல்லாம் எடுத்து, அழகா பெயின்ட் அடிச்சு வாங்கியிருக்கார். அதுக்கப்புறம்தான் இந்தக் கூத்து. ஒரு சாயங்காலம் ஹைவேல இவர் பிரேக் பிடிச்சிருக்கார், பின்னாடி வந்த கார் கடைசி நொடியில வளைஞ்சு போயிருக்கு. வீட்ல கறாரா சொல்லிட்டாங்க, "இனிமே குழந்தையை அந்த வண்டியில ஏத்தாதே." கடைக்காரங்ககிட்ட கேட்டா, "அம்பது வருஷத்து வயர் சார், மொத்தமா உருவிட்டுப் புது ஹார்னஸ் போடுங்க"ன்னு பதில். ஹார்னஸ் மட்டுமே பல நூறு டாலர், கூலி தனி. மாத்தறதா, வித்துடறதாங்கற இடத்துல அவர் நின்னுட்டு இருந்தார். நான் மெக்கானிக் இல்ல. படிச்சது இ.சி.இ., சம்பளம் வாங்கறது பேக்எண்ட் கோடு எழுதி. ஆனா புதிர் பிடிச்சுப் போச்சு, ஒரு சனிக்கிழமை மீட்டரோட போய் நின்னேன்.

சி10னா என்னன்னு ஒரு வரி. சி-ன்னா பின் சக்கரம் மட்டும் இழுக்கற டூ வீல் டிரைவ், 10-ன்னா அரை டன் வகை. 1967-லிருந்து 1972 வரைக்கும் ஒரே உடம்புல வந்த தலைமுறை இது. உள்ள ஒரு கம்ப்யூட்டர் கூடக் கிடையாது. மொத்த வண்டியோட வயரிங்கையும் ஒரு பெரிய தாள்ல வரைஞ்சு சுவத்துல ஒட்டிடலாம். நாம வேலை செய்யற சிஸ்டத்தை யாராவது இப்படி வரைஞ்சு காட்ட முடியுமா? முழுசா மண்டைக்குள்ள ஏத்திக்கக்கூடிய சிஸ்டம்ல டீபக் பண்றது தனி சுகம்.

இப்போ பின்னாடி இருக்கற பல்பைப் பார்க்கணும். அதுதான் இந்தக் கதையில வில்லன் மாதிரி தெரியற அப்பாவி. அதோட நம்பர் 1157. ஒரே கண்ணாடிக்குள்ள ரெண்டு இழை. சின்ன இழை டெயில் லைட்டுக்கு, அது கிட்டத்தட்ட 0.6 ஆம்ப் எடுக்கும். பெரிய இழை பிரேக்குக்கு, அது 2.1 ஆம்ப். ரெண்டு இழையும் கீழ ஒரே இடத்துல சேருது, பல்போட பித்தளை உடம்புல. இதை ஞாபகம் வச்சுக்கங்க.

நம்ம ஊர் கார்ல பிரேக் லைட் சிவப்பு, இண்டிகேட்டர் ஆரஞ்சு, தனித்தனி பல்பு. இந்த டிரக்ல அப்படி இல்ல. பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் அதே பெரிய இழைதான். அதனால பிரேக் சுவிட்ச்லேருந்து வர்ற வெள்ளை வயர் நேரா பின்னாடி போகாது. முதல்ல ஸ்டீயரிங் காலம்ல இருக்கற இண்டிகேட்டர் சுவிட்சுக்குப் போகும். அங்கேருந்துதான் மஞ்சள் வயர் இடது பக்கத்துக்கும், பச்சை வயர் வலது பக்கத்துக்கும் பிரிஞ்சு போகுது. டெயில் லைட்டுக்குப் பிரவுன் வயர். அந்த பிரவுன் ஒரு கூட்டுக் குடும்பம். இடது டெயில், வலது டெயில், நம்பர் பிளேட் லைட், முன்னாடி பார்க்கிங் லைட் எல்லாம் அதே சுவிட்ச்லேருந்து சாப்பிடுது.

சரி, கரண்ட் போற வழி தெரிஞ்சாச்சு. திரும்பி வர்ற வழி?

இதைத்தான் எல்லாரும் மறக்கறாங்க. பல்புக்கு வயர் போகுது, பல்புலேருந்து பேட்டரிக்குத் திரும்பி வர வயர் இல்ல. வண்டியோட இரும்பு உடம்புதான் அந்த வயர். பல்போட பித்தளை ஹோல்டரைத் தொடும், ஹோல்டர் லைட்டோட கூட்டைத் தொடும், கூடு ஸ்க்ரூ வழியா பின்பக்கத் தொட்டியைத் தொடும், தொட்டி போல்ட் வழியா சேஸிஸைத் தொடும், சேஸிஸ் ஒரு பட்டை வழியா எஞ்சினுக்கு, எஞ்சின் தடிமனான கேபிள் வழியா பேட்டரி மைனஸுக்கு. இங்க இதை கிரவுண்டுன்னு சொல்றாங்க, நம்ம ஊர் எலக்ட்ரீஷியன் எர்த்துன்னு சொல்வார். டயக்ராம்ல இதுக்கு மூணு கோடு போட்ட சின்னக் குறிதான் இருக்கும். அந்தக் குறிக்குப் பின்னாடி ஆறு ஏழு ஜாயின்ட் ஒளிஞ்சிருக்கு, ஒவ்வொண்ணும் துருப்பிடிக்கக் கூடியது.

இப்போ புதிரை அவிழ்க்கலாம். இடது பல்போட உடம்புக்கு எர்த் கிடைக்கலன்னு வச்சுக்கங்க. வேற எதுவும் கெடல.

பகல், லைட் ஆஃப், பிரேக் மிதிக்கறோம். மஞ்சள் வயர்ல 12 வோல்ட் வருது, பெரிய இழை வழியா பல்போட உடம்புக்கு வருது. வெளிய போக வழி இல்ல. ஆனா அதே உடம்புல சின்ன இழையும் சேர்ந்திருக்கே? அது வழியா தலைகீழா ஏறி பிரவுன் வயருக்குப் போயிடுது. பிரவுன்ல யார் இருக்காங்க? முன்னாடி பார்க்கிங் லைட்டும் வலது டெயிலும். அவங்களுக்கு நல்ல எர்த் இருக்கு, அவங்க வழியா வீடு போய்ச் சேருது. இடது பல்பு மங்கலா எரியறதும், சம்பந்தமில்லாத முன் லைட் மினுங்கறதும் அதனாலதான்.

ராத்திரி, லைட் ஆன், பிரேக் மிதிக்கல. பிரவுன்லேருந்து சின்ன இழை, அங்கேருந்து பெரிய இழை, மஞ்சள் வயர், இண்டிகேட்டர் சுவிட்ச், அங்கேருந்து பச்சை வயர், வலது பல்போட பெரிய இழை, அதோட எர்த். சுத்தி வளைச்சு ஊர்கோலம்தான், ஆனா வழியில இருக்கற பெரிய இழைங்க அதிகம் தடுக்காததால இடது டெயில் லைட் கிட்டத்தட்ட சரியா எரியற மாதிரியே தெரியும். பார்க்கறவங்க "டெயில் லைட் நல்லாத்தானே இருக்கு"ன்னு நம்பிடுவாங்க.

இப்போ பிரேக் மிதிங்க. மஞ்சள்லயும் 12 வோல்ட், பிரவுன்லயும் 12 வோல்ட். ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தம் இருந்தா தண்ணி ஓடாது. கரண்டும் ஓடாது. பல்பு அணைஞ்சிடுது. எப்போ எரியணுமோ அப்போ.

பிரேக் சுவிட்சை யாராவது உல்ட்டாவா மாட்டிட்டாங்களான்னு யோசிக்கத் தோணும். இல்ல. எல்லாப் பாகமும் தன் வேலையைச் சரியாத்தான் செய்யுது.

அப்போ கடைக்காரங்க ஏன் கண்டுபிடிக்கல? நியாயமா சொல்லணும்னா அவங்க மீட்டர் வச்சுப் பார்த்திருக்காங்க. சிவப்பு ப்ரோபை ஹோல்டர்ல மஞ்சள் வயர் வந்து சேர்ற முனையில வச்சு, கறுப்பு ப்ரோபை சேஸிஸ்ல வச்சு, பிரேக் மிதிச்சுப் பார்த்திருக்காங்க. 12 வோல்ட். "கரண்ட் வருது, அப்போ வேற எங்கயோ வயர் மக்கிடுச்சு." அளவு சரி, முடிவுதான் தப்பு. கறுப்பு ப்ரோபை நேரா சேஸிஸ்ல வச்சதுமே, கெட்டுப்போன ஜாயின்ட்டை மீட்டர் தாண்டிக் குதிச்சிடுச்சு. பல்பு அந்த வழியா வந்தாகணும், மீட்டர் வர வேண்டியதில்ல. எந்த அளவை யார் சொன்னாலும் நான் முதல்ல கேக்கற கேள்வி: கறுப்பு ப்ரோபை எங்க வச்சீங்க?

இன்னொரு பொறி, பீப் சத்தம். கண்டின்யூட்டி மோட்ல வச்சு ரெண்டு முனையைத் தொட்டா பீப் அடிக்கும், உடனே நமக்கு நிம்மதி. ஆனா பல மீட்டர்ங்க நடுவுல சில பத்து ஓம் இருந்தாலும் பீப் அடிச்சிடும். பிரேக் இழை எரியும்போது அதோட ரெசிஸ்டன்ஸே 6 ஓம் பக்கம்தான். ஒரு துருப்பிடிச்ச ஜாயின்ட்ல 3 ஓம் இருந்தா போதும், மொத்த வோல்டேஜ்ல மூணுல ஒரு பங்குக்கு மேல அந்தத் துருவே தின்னுடும். பீப் மட்டும் சந்தோஷமா அடிக்கும். வோல்டேஜ் மோட்லயும் இதே ஏமாத்து வேலை உண்டு. சாதாரண டிஜிட்டல் மீட்டரோட உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகாஓம். அது எடுக்கற கரண்ட் ஒண்ணுமே இல்ல. இருபது இழையில பத்தொன்பது அறுந்து ஒரே ஒரு இழை தொங்கிட்டு இருந்தாலும் 12 வோல்ட்னுதான் காட்டும். ஹெட்லைட்டைப் போட்டாத்தான் குட்டு வெளிப்படும். லோடு டெஸ்ட் பண்ணாம ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்பின சர்வீஸ் மாதிரி.

அதனால செய்ய வேண்டியது வோல்டேஜ் டிராப் டெஸ்ட். எதையும் கழட்ட வேண்டாம். பல்பு எரியற நிலையில, கரண்ட் ஓடிட்டு இருக்கும்போது, ஒரே வழியோட ரெண்டு முனையில ப்ரோபை வைக்கறோம். நல்ல வயர், நல்ல ஜாயின்ட்னா ரெண்டு முனைக்கும் நடுவுல வோல்டேஜ் ஏறக்குறைய பூஜ்ஜியம். எர்த் வழியில 0.1, மிஞ்சிப்போனா 0.2 வோல்ட் வரைக்கும் விடலாம். அதுக்கு மேல காட்டினா, அந்த ரெண்டு முனைக்கு நடுவுலதான் யாரோ திருடறாங்க.

நாங்க பண்ணினது இதுதான். நண்பர் உள்ள உக்காந்து பிரேக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டார். நான் நீளமான வயர் ஒண்ணை பேட்டரி மைனஸ்ல மாட்டி, பின்பக்கம் வரைக்கும் இழுத்துட்டு வந்து மீட்டரோட கறுப்புல கொடுத்தேன். சிவப்பு ப்ரோப் இடது பல்போட பித்தளை உடம்புல. பூஜ்ஜியம் இருக்க வேண்டிய இடம். மீட்டர்ல 11 வோல்ட்டை ஒட்டி ஒரு எண். அவர் எட்டிப் பார்த்து, "அது நல்லதுதானே, கரண்ட் வருதே?"ன்னார். மைனஸ் பக்கத்துல 11 வோல்ட் நிக்குதுன்னா, அது வீட்டுக்குப் போக வழியில்லாம வாசல்லயே நிக்குதுன்னு அர்த்தம்.

அடுத்தது நம்ம கிட் பைசெக்ட் வேலை. வழியை ரெண்டா பிரி, எந்தப் பாதியில தப்புன்னு பாரு. சிவப்பு ப்ரோபை லைட் கூட்டுல வச்சேன், அதே 11. தொட்டியோட உள்பக்கத்துல பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்ல வச்சேன், 0.03. முடிஞ்சது. கூட்டுக்கும் தொட்டிக்கும் நடுவுல, ஸ்க்ரூ உக்கார்ற இடம்.

கழட்டிப் பார்த்தா துருவே இல்ல. பளபளன்னு புதுப் பெயின்ட். ஸ்க்ரூ துளைக்குள்ள, கூட்டோட பின்பக்கம், தொட்டி விளிம்பு, எல்லா இடத்துலயும் தடிமனா, சீரா, ரொம்ப சிரத்தையா அடிச்சிருக்காங்க. முன்ன துருப்பிடிச்சிருந்தப்ப இரும்போட இரும்பு உரசி எப்படியோ எர்த் கிடைச்சுட்டு இருந்தது. அழகாக்கினதுல அந்த வழி அடைபட்டுப் போச்சு. வலது பக்கத்துல ஒரு ஸ்க்ரூ பெயின்ட்டைக் கீறிக்கிட்டு உள்ள இறங்கியிருந்ததால அது தப்பிச்சது. பழைய வண்டியைப் புதுப்பிக்கறவங்க நிறைய பேர் சந்திக்கற விஷயம் இது. வண்டி எவ்வளவு அழகா வருதோ அவ்வளவுக்கு எர்த் தகராறு வரும்.

இதுல இன்னொண்ணு கவனிங்க. புது ஹார்னஸ் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? மஞ்சள், பச்சை, பிரவுன் எல்லாம் புதுசா வந்திருக்கும். திரும்பி வர்ற வழி அந்தப் பெட்டியில வராது. அத்தனை டாலரும் கொட்டி, வாரக்கணக்கா வண்டியைப் பிரிச்சுப் போட்டு, கடைசியில பிரேக் மிதிச்சா இடது லைட் அணைஞ்சுதான் போயிருக்கும்.

சரி பண்றதுக்கு முன்னாடி ஒரு படி உண்டு, அதை விட்டுடாதீங்க. ரெண்டு பக்கம் முதலை க்ளிப் வச்ச ஒரு வயரை எடுத்து, லைட் கூட்டுலேருந்து அந்த பெயின்ட் இல்லாத போல்ட்டுக்குக் கொடுத்தேன். பிரேக் மிதிச்சா பளிச். க்ளிப்பை எடுத்தா மங்கல். மூணு தடவை. இப்படி நிரூபிச்சப்புறம்தான் உப்புத்தாளைக் கையில எடுக்கணும். அப்புறம் ரெண்டு பக்க ஹோல்டர்லேருந்தும் கறுப்பு வயர் ஒண்ணு இழுத்து, முனையில வளையம் கிரிம்ப் பண்ணி, சேஸிஸ்ல ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு பெயின்ட்டைச் சுரண்டி, பல் வச்ச வாஷர் போட்டு முறுக்கி, மேல கிரீஸ் தடவியாச்சு. மறுபடி அளந்தா 0.04 வோல்ட். செலவு ஒரு காபிக் காசு. மீட்டர் வச்ச நேரம் பதினஞ்சு நிமிஷம், வயர் இழுத்த நேரம் ரெண்டு மணி. திங்கக்கிழமை ஸ்டாண்டப்ல அவர் கொடுத்த முதல் அப்டேட்டே, பொண்ணை ஸ்கூல்ல விட்டுட்டு வந்தேன்கறதுதான்.

இதே டெஸ்ட்டை எங்கெல்லாம் போடலாம்? செல்ஃப் இழுத்து இழுத்து சுத்துதா, பேட்டரி புதுசா இருந்தும்? ஸ்டார்ட்டர் நூறு ஆம்புக்கு மேல எடுக்கற ஆசாமி. 150 ஆம்ப் ஓடும்போது வழியில வெறும் 0.01 ஓம் இருந்தாலே ஒன்றரை வோல்ட் காலி. எந்த பீப்பும் இதைச் சொல்லாது. யாரையாவது சாவி திருப்பச் சொல்லிட்டு, பேட்டரி மைனஸ் முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவுல அளந்து பாருங்க. டெர்மினல் பூத்துப் போயிருந்தா, ஒரு ப்ரோபை பேட்டரியோட ஈய முனையிலயும் இன்னொண்ணை க்ளாம்ப்லயும் வச்சாலே தெரிஞ்சிடும். எஞ்சினை இறக்கி ஏத்தினப்புறம் உடம்புக்கு வர்ற எர்த் பட்டையை மாட்ட மறந்துட்டாங்கன்னா இன்னும் வேடிக்கை; கரண்ட் கிடைச்ச வழியில, ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியா எல்லாம் போகும், அந்தக் கேபிள் சூடாகும்.

பெட்ரோல் கேஜ் பத்தியும் சொல்லணும், ஏன்னா அதுல ஒரு பயம் இருக்கு. இந்தத் தலைமுறை சி10ல பெட்ரோல் டேங்க் எங்க இருக்கு தெரியுமா? கேபினுக்குள்ள, சீட்டுக்குப் பின்னாடி. உங்க முதுகுக்கும் பெட்ரோலுக்கும் நடுவுல சீட்டு மட்டும்தான். 1973ல வந்த அடுத்த மாடல்லதான் அதை வெளிய கொண்டு போனாங்க. கேஜோட சென்டர் காலி டேங்க்ல 0 ஓம், நிறைஞ்சா 90 ஓம். எர்த் விட்டுப்போனா ரெசிஸ்டன்ஸ் எல்லையில்லாம ஏறும், முள் ஃபுல்லையும் தாண்டி நிக்கும். காலி டேங்க்கோட சந்தோஷமா ஊர் சுத்துவீங்க.

டேங்க் உள்ள இருக்கற வண்டியில நான் கறாரா இருக்கற இடம் ஃப்யூஸ். ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போகுதுன்னு பெரிய ஃப்யூஸ் போடறது, சிகரெட் பேப்பர் ஃபாயில் சுத்தறது, இதெல்லாம் வயரையே ஃப்யூஸ் ஆக்கற வேலை. பதிலா அந்த ஃப்யூஸை எடுத்துட்டு அதே இடத்துல ஒரு பல்பை வயர் வச்சு மாட்டுங்க. ஷார்ட் இருக்கற வரைக்கும் பல்பு முழு வெளிச்சத்துல எரியும், ஆனா பல்பே கரண்ட்டைக் கட்டுப்படுத்தறதால வயர் வேகாது. ஒவ்வொரு கனெக்டரா கழட்டிட்டு வாங்க. எதைக் கழட்டினப்ப பல்பு மங்குதோ, அந்தக் கிளையிலதான் ஷார்ட். வயர்ல கை வைக்கறதுக்கு முன்னாடி பேட்டரி மைனஸை முதல்ல கழட்டுங்க. ப்ளஸை முதல்ல கழட்டும்போது ஸ்பேனர் பாடியில பட்டா நேரா ஷார்ட். மோதிரம், இரும்பு வாட்ச் ஸ்ட்ராப் எல்லாம் வீட்ல வச்சுட்டு வாங்க. பெட்ரோல் வாசனை வந்தா அன்னைக்கு எலக்ட்ரிகல் வேலையே வேண்டாம்.

ஹார்னஸை மாத்தவே கூடாதுன்னு நான் சொல்லல. வயரை மடக்கினா மேல் உறை பிஸ்கட் மாதிரி உதிருதா, ஃபயர்வால் கனெக்டர் வெந்து பழுப்பா இருக்கா, முன்னாடி வச்சிருந்த யாரோ ஸ்பீக்கர் வயரை முறுக்கி டேப் சுத்தி ஹெட்லைட்டுக்குக் கொடுத்திருக்காங்களா, தயங்காம மாத்துங்க. பேட்டரி பக்கத்துல ஃப்யூசிபிள் லிங்க்னு ஒரு துண்டு வயர் இருக்கும். அது காக்கற வயரைவிட நாலு கேஜ் மெலிசு, ஏதாவது ஆனா அதுதான் முதல்ல சாகணும். மெதுவா இழுத்துப் பாருங்க. ரப்பர் மாதிரி நீண்டா உள்ள செம்பு உருகிடுச்சு. அந்த இடத்துல சாதாரண வயரை யாராவது போட்டிருந்தா, மத்த வேலையெல்லாம் அப்புறம், முதல்ல அதை மாத்துங்க.

கடைசியா, இந்த எபிசோட் பத்திச் சொன்னதும் ஒரு நண்பர் கேட்ட கேள்வி: 1157க்குப் பதிலா எல்ஈடி போட்டா இந்தத் தொல்லை போயிடாதா? போகாது, ரெண்டு புதுத் தொல்லை வரும். எல்ஈடிக்கு ரொம்பக் கொஞ்சம் கரண்ட் போதும், அதனால இப்படிப் பின்வழியா கசியற கரண்ட்லயே பேய் மாதிரி மினுங்கும். அப்புறம் இந்த டிரக்ல இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கறது ஒரு சின்ன டப்பா. பல்பு இழுக்கற கரண்ட் அதுக்குள்ள இருக்கற உலோகப் பட்டையைச் சூடாக்கி வளைச்சுத்தான் 'டிக் டிக்' வருது. எல்ஈடி போட்டா பட்டை சூடாகாது, இண்டிகேட்டர் சிமிட்டாம அப்படியே நிக்கும். எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் ஒண்ணும் சேர்த்து வாங்குங்க, அதுக்கு எர்த் வயர் ஒண்ணு தனியா வரும். அதை எங்க மாட்டணும்னு இப்போ உங்களுக்கே தெரியும், பெயின்ட் இல்லாத இடமா பாருங்க.

சரி மக்களே, அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.